இருபத்திரண்டு நாள் தள்ளிப் போட்ட டிக்கெட்

டிக்கெட் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருவர் போன வாரம் என் வீட்டுக்கே வந்து கேட்டார்: "பாசஞ்சருக்கு நல்லது பாத்துக்கிட்டே இருந்தா நமக்கு என்னங்கய்யா மிஞ்சும்?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் எனக்கு ஒழுங்காகப் பேச வராது. காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பச் சொன்னேன். பேச வராததை எழுதிப் பார்க்கிறேன். படிக்கிறவர்கள் படியுங்கள்.

முதலில் நமக்குக் காசு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். பயணி தருவதில்லை. கப்பல் கம்பெனி தருகிறது, டிக்கெட்டுக்கு இவ்வளவு என்று. நான் ஜோகூர் பாருவில் ரயில் நிலையத்துக்கு எதிரே பாதிக் கடை எடுத்து உட்கார்ந்திருந்த காலத்தில், சிங்கப்பூர் போய்க் கம்பெனி கவுண்டரில், கப்பலின் மேல்தட்டில் உட்கார்ந்து போகிற டெக் டிக்கெட் வாங்கினாலும் அதே விலை, என்னிடம் வாங்கினாலும் அதே விலை. அப்படியிருந்தும் எஸ்டேட் ஆட்கள் என்னிடம் வந்தார்கள். கம்பெனி கவுண்டரில் அவர்களை நாயை விரட்டுவது போல விரட்டினார்கள். எந்தக் கப்பல் எந்தத் தேதி, பெட்டியில் எப்படிப் பெயர் எழுதுவது, துறைமுக டாக்டர் எங்கே நின்று பார்ப்பார், எதற்குத் திருப்பி அனுப்புவார் என்று சொல்ல அங்கே ஒருவரும் கிடையாது.

அடைமழைக் காலத்தில் நாகப்பட்டினத்துக் கடல் கொந்தளித்தால் கப்பல் அங்கே நிற்காது. படகு கிட்டே வர முடியாது. ஆட்களைச் சென்னைக்குக் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து தஞ்சாவூருக்கு ரயில் செலவு யாருடையது? போகிறவனுடையது. இதை முன்கூட்டியே சொல்லி, "தை மாசம் போ" என்பவன் ஏஜெண்ட். சொல்லாமல் டிக்கெட் எழுதுபவனும் தன்னை ஏஜெண்ட் என்றுதான் சொல்லிக்கொள்கிறான். அவனுக்கு நான் வேறு பெயர் வைத்திருக்கிறேன். எழுத்தில் போட முடியாது.

அந்த இரண்டாவது ரகத்தில் நானும் ஒரு தடவை இருந்தேன். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

கடலுக்குக் குறுக்கே கல்பாலம் போட்டு, ரயில் நேராகச் சிங்கப்பூர் போக ஆரம்பித்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. ரப்பருக்கு நல்ல விலை. ஊருக்குப் போய்வரக் கையில் காசு இருந்தது. என் கடையில் கூட்டம். செடெனாக் பக்கத்து எஸ்டேட் ஒன்றிலிருந்து காத்தான் என்று ஒருவர் வந்தார். முப்பது வயது இருக்கும். பால்மரம் சீவுகிற ஆள். விரல் இடுக்கெல்லாம் ரப்பர் கறை.

அப்போது எங்கள் கடைகளில் ஒரு பழக்கம் இருந்தது. குடும்பமாக வந்தால் ஆண்பிள்ளை மட்டும் கவுண்டருக்கு வருவார். பெண்பிள்ளை கடைக்கு வெளியே நடைபாதையில் மூட்டையோடு உட்கார்ந்திருப்பாள். நாங்கள் எட்டிப் பார்க்க மாட்டோம். பார்ப்பது மரியாதை இல்லை. "எத்தன பேரு?" என்று கேட்போம். "நானு, பொஞ்சாதி" என்பார். எழுதிக்கொள்வோம். இப்படி நூற்றுக்கணக்கான பெண்களுக்கு முகமே பார்க்காமல் டிக்கெட் எழுதியிருக்கிறேன். அது பெரிய கண்ணியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

காத்தான் கேட்டார், "எந்தக் கப்பல்ங்க நல்லது?"

அந்த வாரம் சனிக்கிழமை ஒரு சின்னக் கப்பல் இருந்தது. அதற்கு இருபத்திரண்டு நாள் கழித்து இன்னொரு கம்பெனியின் பெரிய கப்பல். பெரிய கப்பல்காரன் கமிஷன் அதிகமாகக் கொடுத்தான்.

"பெரிய கப்பல்ல போ. எடம் தாராளம்" என்றேன்.

"கொஞ்சம் வெரசாப் போவணும்னு பொஞ்சாதி சொல்றா."

"வெரசாப் போயி என்ன பண்ணப் போற? ஊரு எங்கயும் ஓடிப் போயிறாது."

தலையைச் சொறிந்தார். வெளியே ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். என்னமோ சொல்ல வாயெடுத்தார். அவருக்குப் பின்னால் பத்து பேர் காத்திருந்தார்கள். "என்ன, எழுதவா?" என்றேன்.

"எழுதுங்க."

எழுதினேன். மொத்தமாகப் பார்த்தால் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

கப்பல் நாளில் என் ஆட்களை நானே துறைமுகம் வரைக்கும் கொண்டுபோய் விடுவேன். அன்றைக்கு நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். காலை ரயில். பாலத்தில் ரயில் ஏறியபோது பெட்டிக்குள் ஒவ்வொருவராகச் சரிபார்த்துக்கொண்டு போனேன். காத்தான் எழுந்து நின்றார். பக்கத்தில் அவர் மனைவி அஞ்சலை. அப்போதுதான் அவளை முதன்முதலாகப் பார்க்கிறேன்.

அவள் வயிற்றைப் பார்த்ததும் காத்தானிடம் திரும்பினேன்.

"காத்தான், இது எத்தன மாசம்?"

"ஒம்பது பொறந்திருச்சுங்க."

ஒன்பதாம் மாதத்தில் இருக்கிற பெண்ணை டாக்டர் டெக்கில் ஏற்ற மாட்டார். இது எனக்குத் தெரியும். காத்தானுக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் நான் அவர் மேல்தான் பாய்ந்தேன். "ஏய்யா, வாயில என்ன வச்சிருந்த? அன்னைக்கே சொல்றதுக்கென்ன?"

"நீங்க கேக்கலீங்களே" என்றார் மெதுவாக. "ஆம்பளக்கி ஆம்பள அதப் போயி எப்படிச் சொல்றது?"

ஜன்னல் ஓரத்திலிருந்து அஞ்சலை பேசினாள். "அவர ஏன் திட்டுறீங்க? நா ஒங்க கட வாசல்லதான உக்காந்திருந்தேன், ரெண்டு மணி நேரம். ஒரு தடவ எட்டிப் பாத்திருந்தா ஒங்களுக்கே தெரிஞ்சிருக்கும்."

எதிரே இருந்த கிழவி ஒருத்தி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காத்தான் மீதியையும் சொன்னார். தலைப்பிள்ளை எஸ்டேட்டிலேயே பிறந்தது. இரண்டு நாள் வலி. மருந்துக்காரர் அடுத்த டிவிஷனுக்குப் போயிருந்தார். அவர் வந்து சேர்ந்தபோது பிள்ளை இல்லை. அஞ்சலையும் சாவு வரைக்கும் போய்த்தான் திரும்பினாள். இந்தத் தடவை தாய் வீட்டில்தான் பெறுவேன் என்று ஒரே பிடியாக நின்றாள். அவளுடைய அம்மா ஊரில் பிரசவம் பார்க்கிறவள். அதற்காகத்தான் இந்தப் பயணம். எஸ்டேட்டில் பேர் வெட்டியாகிவிட்டது. லயத்து வீட்டில் வேறு ஆள் குடிவந்தாயிற்று. திரும்பிப் போக இடம் கிடையாது.

சனிக்கிழமைச் சின்னக் கப்பலில் அனுப்பியிருந்தால் அவள் இந்நேரம் அம்மாவிடம் இருந்திருப்பாள். அப்போது எட்டு மாதம்தான். டாக்டர் விட்டிருப்பார். துறைமுகம் போய்ச் சேருகிற வரைக்கும் எனக்கு வேறு நினைப்பு வரவில்லை.

டாக்டர் அரை நிமிடம்கூடப் பார்க்கவில்லை. கையை அசைத்தார், வரிசையை விட்டு வெளியே போ என்று. கப்பல் கிளம்ப மூன்று மணி நேரம் இருந்தது.

துறைமுகத்தில் எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும் இன்னொரு ஏஜெண்ட் என் காதருகே வந்தான். "எதுக்குய்யா கவல? டாக்டர் சாப்பிடப் போவாரு. போர்வையப் போத்தி மூட்டையத் தூக்கிட்டுப் போற மாதிரி நடக்கச் சொல்லு. மேல நிக்கிறவன் நம்ம ஆளு. அவனுக்கு ரெண்டு வெள்ளிக் காசு குடுத்தாப் போதும். நா எத்தன ஏத்தியிருக்கேன் தெரியுமா?"

காத்தானும் கேட்டுவிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்படியே பண்ணிருங்கய்யா."

"ஊரு போயிச் சேர ஒம்போது நாள்தான?" என்றாள் அஞ்சலை. "பல்லக் கடிச்சிக்கிட்டுத் தாங்கிருவேன். என்ன ஏத்தி விட்டுருங்க."

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். பயணி கேட்கிறான். பயணியின் மனைவியும் கேட்கிறாள். ஏற்றிவிட்டால் என் கமிஷன் எனக்கு. கப்பல் நகர்ந்த பிறகு என்ன நடந்தாலும் என் தலையில் விடியாது. அந்தக் கப்பல் இரண்டு துறைமுகம் நின்று போகிறது. டெக்கில் காலை நீட்ட இடம் பிடிப்பதே சண்டை. வலி கண்டால் சுற்றிப் பாய் கட்டி மறைப்பார்கள், அவ்வளவுதான். ஏற்கெனவே ஒரு தடவை இரண்டு நாள் வலியில் கிடந்தவள்.

"முடியாது" என்றேன்.

"ஏன் முடியாது? காசு வேணும்னா நாங்க..." என்று காத்தான் ஆரம்பித்தார்.

"காசு இல்லய்யா. கேளு. அன்னைக்கு ஒன்ன சனிக்கிழம கப்பல்ல அனுப்பியிருக்கணும். இந்தக் கப்பல்ல எனக்குக் கமிஷன் கூட. அதுக்காகத்தான் தள்ளிப் போட்டேன். எடம் தாராளம்னு சொன்னதெல்லாம் சும்மா."

இதை ஏன் சொன்னேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். சொல்லாவிட்டால் அடுத்து நான் சொல்லப்போகிற எதையும் அவர்களை நம்பி நடக்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அந்த நேரத்தில் இப்படியெல்லாம் நினைக்கவில்லை. வாயில் வந்தது.

காத்தான் என் கையை விட்டார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அஞ்சலை என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"சரி. கெடுத்தது நீங்க. இப்ப நா எங்க போயிப் பெக்கிறது? அதையும் நீங்களே சொல்லுங்க."

சிங்கப்பூரில் ஏழைப் பெண்களுக்கு இலவசமாகப் பிரசவம் பார்க்கிற பெரிய ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே போகலாம் என்றேன்.

"ஆஸ்பத்திரியா? எங்க எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கிப் போனவங்கள்ல பாதி பேரு பொட்டியிலதான் வெளிய வந்தாங்க."

"இது அந்த மாதிரி இல்ல. ராத்திரி பகலா ஆளு இருக்காங்க. பொம்பள ஆளுங்க."

"நா பொழச்சுக்குவேன்னு சொல்லுவீங்களா?"

"சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது. கப்பல்ல போறத விட இது மேல்னு மட்டும் சொல்லுவேன்."

கப்பல் பக்கம் திரும்பினாள். "எம் பொட்டி உள்ள போயிருச்சே" என்றாள்.

ஆமாம். அவர்களுடைய இரண்டு பெட்டியும் காலையிலேயே கப்பலின் அடித்தட்டுக்குள் போய்விட்டன. துணி, பாத்திரம், பத்து வருடச் சம்பாத்தியத்தில் செய்த ஒரு சங்கிலி, எல்லாம் அதற்குள். நான் கம்பெனி கிளார்க்கிடம் போனேன். யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல வெள்ளை உடுப்பு. பெட்டி இரண்டும் வெளியே வரவேண்டும், டிக்கெட் பணம் முழுதும் திரும்ப வேண்டும் என்றேன்.

"உமக்கென்ன விசரே?" என்றார். "ஏத்தின சாமானை இறக்கிறேல்ல. டாக்குத்தர் மறிச்ச டிக்கெட்டுக்குக் காசு குடுக்கிறதும் இல்லை. அது கொம்பனிச் சட்டம்."

"நீங்க வித்த டிக்கெட்டு."

"வித்தது நீர். நாங்கள் இல்லை. கொமிஷன் எடுத்தனீர் தானே? அதிலயிருந்து குடும்."

அவர் சொன்னது சரி. அதுதான் எனக்கு இன்னும் கோபம் மூட்டியது. என்னுடைய கமிஷனைத் திருப்பிக் கொடுத்தால்கூட அது டிக்கெட்டில் ஒரு மூலைக்குக் காணாது. பெட்டியை அது வெளியே கொண்டுவராது. ஆனால் என்னிடம் வேறொன்று இருந்தது. வரிசையில் நின்ற நாற்பது பேர்.

அவர்களிடம் போனேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். "இந்தப் பொம்பளக்கிப் பொட்டியும் பணமும் வர்ற வரைக்கும் யாரும் ஏறாதீங்க. எனக்காகக் கேக்கல. நா செஞ்சது தப்பு."

ஒருத்தர் கேட்டார், "ஏறாம நின்னு, கப்பலு போயிருச்சுன்னா?"

"போனாலும் போவும்."

"அலமாக்! அடக் கடவுளே, நல்லாருக்கே கத! நீ பண்ண கோளாறுக்கு நாங்க கரையில நிக்கணுமா?" என்று அவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறிப்போனார். அவர் பின்னாலேயே ஏழெட்டுப் பேர் போனார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். பல வருடம் கழித்து ஊருக்குப் போகிறவர்கள்.

ரயிலில் சிரித்தாளே, அந்தக் கிழவி, தன் மூட்டையைத் தரையில் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள். "நா எட்டு பெத்தவ. நா உக்காருறேன்" என்றாள். அவளோடு வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். பிறகு மற்றவர்கள். முப்பது பேருக்கு மேல் படிக்கட்டுக்கு முன்னால் வழியை அடைத்து உட்கார்ந்துவிட்டார்கள். பின்னால் மற்ற ஏஜெண்டுகளின் ஆட்கள் முட்டிக்கொண்டு நின்றார்கள். துறைமுகமே கத்தியது.

கிளார்க் ஓடிவந்தார். "என்ன இது? எழும்பச் சொல்லும்!"

"நா சொல்லி உக்காரல. எங்க, நீங்க சொல்லிப் பாருங்க, எந்திரிக்கிறாங்களான்னு."

"இனிமேல் உமக்கு எங்கட டிக்கெட் ஒண்டும் வராது. தெரியுமோ?"

"தெரியும். பொட்டிய எடுங்க."

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அந்த முப்பது பேரையும் கப்பல் விட்டுவிட்டுப் போனால் நான் எங்கே போய் நிற்பது? பயத்தை முகத்தில் காட்டவில்லை. வெள்ளைக்கார ஆபிசர் ஒருவர் மேலிருந்து பார்த்துவிட்டு ஏதோ கத்தினார். பிறகு பாரம் தூக்கும் கயிற்றில் இரண்டு பெட்டியும் ஆடிக்கொண்டு இறங்கின. கிளார்க் பணத்தை என் கையில் வைக்கவில்லை, காத்தானின் கையில் எண்ணி வைத்தார். நல்லதுதான். என் ஆட்கள் எழுந்து, வேட்டியைத் தட்டிக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக ஏறினார்கள். கிழவி போகிற போக்கில் அஞ்சலையின் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனாள்.

அஞ்சலையை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆறாம் நாள் முற்பகலில் பெண்குழந்தை பிறந்தது. ஒரு சிக்கலும் இல்லை. இரண்டு மணி நேர வலிதான்.

நான் பார்க்கப் போனபோது அவள் சொன்னாள், "பாத்தீங்களா? இதுக்குத்தானா அவ்வளவு ஆர்ப்பாட்டம்? கப்பல்லயே பெத்திருப்பேன்."

பெற்றிருப்பாளோ என்னமோ. துறைமுகத்தில் நான் சொன்ன 'முடியாது' சரியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த மாதிரி முடிவுகளுக்கு யாரும் வந்து மார்க் போடுவதில்லை. அந்த நேரத்தில் தெரிந்ததை வைத்துச் சொல்ல வேண்டும், சொன்னபடி நிற்க வேண்டும். ஆனால் என் கடையில் உட்கார்ந்து, நல்ல நிழலில், ஒரு அவசரமும் இல்லாமல் நான் சொன்ன தேதி தப்பு. அது எனக்கு நன்றாகத் தெரியும். உங்களுக்கும் பெரிய தப்புகள் துறைமுகத்தில் நடக்காது. கவுண்டரில், சாவகாசமாக இருக்கும்போதுதான் நடக்கும்.

பெரிய கப்பல் கம்பெனி ஒரு வருடம் எனக்கு டிக்கெட் தரவில்லை. நான் பட்டினி கிடக்கவில்லை. பிறகு அவர்களே ஆள் அனுப்பினார்கள். முப்பது பேரை உட்கார வைக்கிறவன் முப்பது பேரை ஏற்றவும் முடியும் என்று அவர்களுக்கும் தெரியும். தனி ஆளாகப் போயிருந்தால் காத்தானுக்கு அந்தப் பெட்டி கிடைத்திருக்குமா? நாம் இருப்பதால் பயணிக்கு என்ன லாபம் என்றால், இதுவும் ஒன்று.

காத்தானும் அஞ்சலையும் இரண்டு மாதம் ஜோகூர் பாருவில் என் கடைக்குப் பின்னால் இருந்த அறையில் தங்கினார்கள். காத்தான் ரயில் சாமான் கொட்டகையில் மூட்டை தூக்கினார். பிள்ளைக்குக் கழுத்து நின்றதும் ஊருக்குக் கிளம்பலாம் என்றார்கள்.

டிக்கெட் எடுக்க அஞ்சலைதான் வந்தாள். நடைபாதையில் உட்காரவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நேராகக் கவுண்டருக்கு முன்னால் வந்து நின்றாள். ஏற்கெனவே நின்றிருந்த ஆண்பிள்ளைகள் விலகி வழி விட்டார்கள். காத்தான் அவள் பின்னால் நின்றார்.

"என்னென்ன கப்பல் இருக்கு?"

சொன்னேன். அந்த மாதம் இரண்டு சின்னக் கம்பெனிக் கப்பல். ஒன்று பத்தாம் தேதி, ஒன்று பதினான்காம் தேதி. விலை ஒன்றுதான். இடமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

"இதுல எதுல ஒங்களுக்குக் கமிஷன் கூட?"

கடையில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு முகம் சுட்டது.

"பதினாலாந் தேதி கப்பல்ல" என்றேன்.

"அப்ப பத்தாந் தேதி போடுங்க."

போட்டேன். பின்னால் நின்ற ஆள் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் முறை வந்தபோது அவரும் அதே கேள்வியைக் கேட்டார். அவருக்கும் சொன்னேன்.

அந்த மாதக் கடைசிக்குள் செடெனாக் பக்கத்திலிருந்து வந்தவர்கள் எல்லாரும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். பிறகு மற்ற எஸ்டேட்டுகளிலிருந்து வந்தவர்களும். பெண்பிள்ளைகள் உள்ளே வந்து கேட்டார்கள், சில பேர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, நான் பொய் சொல்கிறேனா என்று. சில பேர் வேண்டுமென்றே குறைந்த கமிஷன் கப்பலைக் கேட்டார்கள். சில பேர், "பரவால்ல, கூட வர்றதையே போடுங்க, நீங்களும் பொழைக்கணும்ல" என்றார்கள். எதைக் கேட்டாலும் எழுதிக் கொடுத்தேன். இப்படிக் கேட்டவர்கள் ஒருவர்கூடப் பக்கத்து ஏஜெண்ட் கடைக்குப் போகவில்லை. அங்கே போய்க் கேட்டிருந்தால் அவன் பதில் சொல்லியிருக்க மாட்டான்.